மாடி வாளியில் கிடந்த சோறு

கே.கே. நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பழைய பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டு என் மனைவி உரம் தயாரித்து வந்தாள். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, அதன்மேல் ஒரு பிடி தென்னை நார்த்தூள். சமைத்த எதையும் போட விடமாட்டாள், நாறிவிடும் என்பாள்.

வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபின் அவளால் படியேற முடியவில்லை. வாளிகளை நான் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் முறை மருந்து ஏற்றி வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவே இல்லை. திருச்சியில் வேலை பார்க்கும் மகள் தினமும் போனில் விசாரிப்பாள்.

"சாப்டேன்னு சொல்லிருங்க. இல்லாட்டி வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துக்குவா," என்றாள் மனைவி.

அப்படியே சொன்னேன். தட்டில் மிஞ்சியதைக் குப்பை வண்டியில் கொட்டவும் பயம். எதிர்வீட்டு அம்மா பார்த்தால் மகளுக்குச் சொல்லிவிடுவார். அதனால் ரசஞ்சோற்றையும் இட்லியையும் பால் கஞ்சியையும் மாடிக்குக் கொண்டுபோய் வாளியில் கவிழ்த்து, நார்த்தூளால் மூடினேன். "இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்டுச்சும்மா" என்று போனில் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மகள் சொல்லாமல் வந்து நின்றாள். வீடெல்லாம் வாடை. எங்கிருந்து என்று தேடி மாடிக்குப் போனாள். நான் பின்னால் ஓடுவதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள். பூஞ்சை பிடித்த சோற்றில் புழு நெளிந்தது.

"எம்புட்டு நாளாப்பா இப்படி?"

"பதினஞ்சு நாளு இருக்கும்."

"அப்ப அம்மா என்னத்தச் சாப்டுச்சு?"

"இளநி. ரெண்டு வாய் கஞ்சி."

அவள் அழவில்லை. கீழே போய் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். "நாந்தான் சொல்லச் சொன்னேன். அப்பாவத் திட்டாத," என்று மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து மகள் ஊருக்குப் போனபின், அந்த வாளியைச் சாக்கில் கட்டி வண்டியில் போட்டேன். செடிக்குப் போட மனம் வரவில்லை.

முன்பே கூட்டிவந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. மகளிடம் அதைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை. அவள் இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை.