மணி அடித்துவிட்டு வெடி வைத்தவர்

என் மூத்த பேத்தி கனடாவில் கண் டாக்குத்தருக்குப் படித்துப் பட்டம் வாங்கிவிட்டாள். அவளுக்கு இளையவன் அங்கேயே பாலம் கட்டுகிற இஞ்சினியர். மகளின் மகன் சாவகச்சேரியில் படித்துப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருக்கிறான். கடைக்குட்டி நீச்சலில் கிண்ணம் வாங்கியிருக்கிறாள். இதையெல்லாம் வேலிக்கு மேலால் பக்கத்துவீட்டுச் செல்லம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு நின்றபோதுதான் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"ஆச்சி, வெடிக்காரர் மோசம் போயிட்டாராம். ஆசுப்பத்திரியிலை உயிர் போட்டுதாம்."

"எந்த வெடிக்காரர்?" என்று கேட்டாள் செல்லம்மா. ஊரில் இருந்ததே ஒரு வெடிக்காரர்தான். அது அவளுக்கும் தெரியும். வேறு யாராவதாக இருக்கட்டும் என்று கேட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்த நினைவு மலருக்கு ஒரு மாஸ்டரிடம் எழுதி வாங்கலாம் என்றார்கள். வெடிக்காரர் இராசன் தம்பியைப் பற்றி நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அவரைத் தெரியும், குரங்குகளைத் தெரியாது. நீங்கள் போன பிறகுதான் அவை தென்மராட்சிக்குள் கூட்டமாக வந்தன. பலாவில் பிஞ்சு பிடித்தவுடன் இறங்கும். ஒரு கடி கடித்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடுங்கும். தென்னையில் பிஞ்சுக் குரும்பட்டியையும் விடாது.

என் வளவில் நிற்கிற பலாவும் தென்னையும்தான் என்னை இந்த ஊரில் வைத்திருந்தன. "காய்க்கிற வரைக்கும் இருங்கோ அம்மா. காய்க்காட்டில் வித்துப்போட்டு இங்கை வரவேணும்" என்று மகன் சொல்ல, நானும் ஓம் என்றிருந்தேன். அந்த மரங்களைக் காக்க எனக்கு இருந்தவர் இராசன் தம்பி ஒருவர்தான்.

அவரிடம் பயிர் காக்கவென்று அனுமதி எடுத்த சின்ன வாய்த் துவக்கு இருந்தது. கடைத் தோட்டா இலேசில் கிடைக்காது. வெடித்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து துடைத்து, வெடிமருந்தை நகைத் தராசில் நிறுத்து, தானே திரும்ப நிரப்புவார். அதற்கும் சேர்த்தே அனுமதி வாங்கியிருந்தார். கோழி பிடிக்கிற மரநாய்க்கு மட்டும் ஈயம் வைப்பார். குரங்குக்கு ஈயம் இல்லை. அனுமாரைச் சுட்ட பாவம் ஊருக்கு வேண்டாம் என்பதால் கோதின் வாயைக் கடதாசியால் அடைத்துவிடுவார். வெறும் சத்தம்தான். இரண்டும் இரண்டு டப்பாவில் இருக்கும்.

பேத்தி பாஸ் பண்ணிய செய்தி வந்த அன்று நான் ஓடிப்போனது அவர் வீட்டுக்குத்தான். மேசையில் கோதுகளை வரிசையாக நிறுத்தி நிரப்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பெட்டை பாஸ் பண்ணிட்டாள்!"

"எது, கண்ணோ?"

"ஓம், கண்தான்."

அவர் முகம் மலர்ந்தது. பிறகு மேசையைப் பார்த்தார். நிரப்பி வைத்திருந்த அத்தனை கோதுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மருந்தைக் கடதாசியில் திரும்பக் கொட்டினார்.

"ஏன் தம்பி?"

"ஒண்டுக்கு இரண்டு தரம் போட்டிட்டனோ எண்டு ஐமிச்சம். எது எண்டு தெரியேல்லை. துவக்கு பிளந்தால் என்ரை முகம்தான் போகும். பேத்தி கனடாவிலை கண் டாக்குத்தராய் இருந்து எனக்கு என்ன பிரயோசனம்?" என்றார். "இனிமேல் நான் நிறுக்கேக்கை பேரப்பிள்ளையளை வாசல் படலைக்கு வெளியிலை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ அக்கா."

அவர் ஊரில் முதல் வெடி வைத்த நாளைச் செல்லம்மா வீட்டார் மறக்கமாட்டார்கள். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும், சத்தம் கேட்டதும் அவள் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். அரிசிப் பானையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாள். இராசன் தம்பி வந்து நிலத்தில் குந்தியிருந்து, "அக்கா, நான்தான். குரங்குக்கு வைச்சனான்" என்று எவ்வளவு சொல்லியும் வெளியே வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து வெடிக்கு முன்னர் சைக்கிளில் ஒழுங்கை முழுவதும் மணி அடித்துக்கொண்டு போவார். "வெடி வைக்கப்போறன்! குரங்குக்குத்தான்!" செல்லம்மா காதைப் பொத்திக்கொண்டு இருப்பாள். வெடித்து முடிந்ததும், "சரி, கேட்டிட்டுது, போ!" என்று உள்ளேயிருந்து கத்துவாள். ஒழுங்கையே சிரிக்கும்.

அடுத்த பலாக் காலத்துக்குள் குரங்குகள் மணியைப் படித்துவிட்டன. என் பேரப்பிள்ளைகளைத் தவிர அவ்வளவு கெதியில் எதையும் படித்தவர்களை நான் கண்டதில்லை. மணி கேட்டதும் கோயில் வேம்புக்குப் போய்விடும். அங்கே இருந்து பேன் பார்க்கும். வெடி வைத்து முடிந்ததும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தின்னும்.

"தம்பி, ஒரு நாளைக்கு மட்டும் மணியை விடு. சொல்லாமல் வை. செல்லம்மாவை நான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று கெஞ்சினேன்.

"செல்லம்மாக்கா ஒராளே? இந்த ஒழுங்கையிலை கட்டிலுக்குக் கீழை போகாத ஆக்கள் ஆர்? நீங்கள் போறேல்லையோ?"

நான் குனிந்து, பாதி கடித்த பிஞ்சு ஒன்றை எடுத்து அவருக்குக் காட்டினேன்.

"தின்னட்டும் அக்கா. பலா வாற வருசமும் காய்க்கும்தானே."

வாற வருசமும் காய்த்தது. குரங்கும் வந்தது. அவரும் மணி அடித்தார். துவக்கின் விசையை இழுக்கும்போது அவர் கண்ணை இறுக்கி மூடுவதை நான் வேலிக்குள்ளால் கண்டிருக்கிறேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. இனிச் சொன்னால் குறையில்லை.

இந்த வருடம் என் வளவில் ஒரு பலாப்பழம்கூட மிஞ்சவில்லை. மகன் நான் சொன்ன சொல்லை ஞாபகப்படுத்தினான். வளவைப் பார்க்க ஆட்கள் வந்து போகிறார்கள். இதை இராசன் தம்பிக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே அவர் போய்விட்டார்.

துவக்கையும் இரண்டு டப்பாக்களையும் பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டு போனது. அவருக்குப் பிறகு அதை வைத்திருக்க ஆளில்லை. அவருடைய சகோதரி சைக்கிள் மணியைக் கழற்றி என்னிடம் தந்தார். அவருடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

முதல் நாள் வேலியடியில் நின்று அடித்தேன். குரங்குகள் வேம்புக்குப் போய், ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தன. வெடி வரவில்லை. மறுநாள் பாதிதான் போயின. இப்போது அடித்தால் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்கின்றன. செல்லம்மா மட்டும் காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் வைக்கேல்லையோ?" என்று உள்ளேயிருந்து கேட்கிறாள்.

மூத்த பேத்திக்கு ஒரு வார்த்தை. நீ அனுப்பிய பட்டமளிப்புப் படம் இப்போது என்னிடம் இல்லை. பெட்டி மூட முன்னர் அதை அவருடைய சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். உங்கள் எல்லோரையும் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்த மனிசன். இனி அவருக்கு நிறுக்க ஒன்றுமில்லை, உள்ளே போகட்டும் என்று விட்டேன். ஆனபடியால் புதிதாக ஒரு படம் அனுப்பு. போனில் வேண்டாம், தபாலில் போடு. கெதியாகப் போட்டால், வளவு கைமாற முன்னர் கொஞ்ச நாளாவது இந்தச் சுவரில் மாட்டி வைக்கலாம்.