பத்துக்குப் பத்து வாங்கிய பெண்

எங்கள் பள்ளிக்கு டேப்லெட்டுகள் வந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே, கடலோரத்தில் இருக்கும் சின்னத் தொடக்கப் பள்ளி அது. செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். மொத்தம் பத்து டேப்லெட். தலைமையாசிரியை அறையில் இருந்த ஒரே பிளக்கில் மாற்றி மாற்றி சார்ஜ் போடுவோம். உப்புக் காற்றில் சார்ஜர் முனை பச்சை பூத்துவிடும். துணியால் துடைத்துத் துடைத்துச் செருக வேண்டும்.

தமிழ் வாசிக்கக் கற்றுத்தரும் ஆப் ஒன்று அதில் இருந்தது. திரையில் ஒரு சொல் வரும், கீழே நான்கு படங்கள். சரியான படத்தைத் தொட்டால் ஒரு கிளி சிறகடித்து நட்சத்திரம் தரும். தவறாகத் தொட்டால் தலையை ஆட்டும். மறுபடி தொடலாம். யார் எத்தனை நட்சத்திரம் வாங்கினார்கள் என்ற கணக்கு என் போனுக்கும் வரும், மேலே கல்வி அலுவலகத்துக்கும் போகும்.

என் வகுப்பில் மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பெண் டேப்லெட்டில் மட்டும் தினமும் பத்துக்குப் பத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்து, வகுப்பிலேயே உங்கள் பெண்தான் நன்றாக வாசிக்கிறாள் என்று சொன்னேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கி, அந்த நட்சத்திரங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஒரு டேப்லெட்டிலும் சார்ஜ் இல்லை. கரும்பலகையில் நாலு வரி எழுதி அவளை வாசிக்கச் சொன்னேன். அவள் பக்கத்துப் பிள்ளையின் வாயையே பார்த்தாள். அருகில் கூப்பிட்டு 'படகு' என்று தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்சம் யோசித்து, "பந்து" என்றாள். 'மரம்' என்று எழுதினேன். "மயிலு" என்றாள். முதல் எழுத்தைப் பார்த்து, ஆப்பில் வரும் படத்தைச் சொல்கிறாள் என்று புரிந்தது. அப்புறம் எப்படி நட்சத்திரம் வாங்கினாய் என்று கேட்டேன்.

"கிளி தலய ஆட்டுச்சினா வேற படத்தத் தொடணும் டீச்சர். எது சரியோ அது எங்க கீதுன்னு ஞாபகம் வெச்சுக்கணும். நாளைக்கும் அதே தான் வரும்."

அவள் ஏமாற்றவில்லை. விளையாட்டே அதுதான் என்று நினைத்திருந்தாள். எட்டு வயசில் அத்தனை படங்களின் இடத்தையும் மனசில் வைத்திருந்தவளுக்கு எழுத்து வராமலா போயிருக்கும்? யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த யாரும் என்பது நான்.

அடுத்த வாரம் செங்கல்பட்டிலிருந்து ஒரு அதிகாரி எங்கள் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். இப்போது போய் எதையும் கிளப்ப வேண்டாம், அவர் வந்து போகட்டும் என்றார். மறுத்துப் பேச எனக்கும் மனசில்லை. அதிகாரி வந்த அன்று அந்தப் பெண்ணைத்தான் முன்னால் உட்கார வைத்தேன். அவள் மளமளவென்று தொட்டாள், பத்து நட்சத்திரமும் விழுந்தன. அதிகாரி வீடியோ எடுத்தார். அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டேன்.

பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மாலையில் தனி வகுப்பு நடந்தது. ஆனால் அதற்கான பட்டியலும் நட்சத்திரக் கணக்கை வைத்தே வந்தது. அவள் பெயர் அதில் இல்லை. என் கையாலேயே சேர்த்திருக்கலாம். சேர்த்தால் அந்த வீடியோ என்ன ஆவது? வருஷம் முடிந்தது. அவள் நாலாம் வகுப்புக்குப் போனாள், அங்கும் நட்சத்திரக் கணக்கையே பார்த்தார்கள், ஐந்து முடித்தாள், பெரிய பள்ளிக்கும் போய்விட்டாள்.

போன வருஷம் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். ஆறாம் வகுப்பில் பாடத்தை வாசிக்கச் சொன்னார்களாம். அவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. பத்து நாளாகப் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிறாளாம்.

"எனக்குத் தான் படிப்பு இல்ல. நீங்க சொன்னத நம்புனேன். இன்னாத்துக்கு டீச்சர் எங்கிட்ட பொய் சொன்னீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது எனக்கும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அது பாதி உண்மைதான் என்பதால் சொல்லவில்லை.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தினமும் பள்ளி விட்டதும் நம் பழைய வகுப்பிலேயே ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறேன், வா என்று கூப்பிட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"கரண்ட் இல்லாத அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். ஒன்றாம் வகுப்புப் புத்தகம் என்று யாருக்கும் தெரியாமலிருக்க, அதற்கு நியூஸ் பேப்பரில் அட்டை போட்டிருந்தாள். ஐந்து மாதம் வந்தாள். சொன்னதைப் படிப்பாள், எழுதுவாள், கிளம்பிவிடுவாள். நான் வாங்கி வைத்த பிஸ்கட்டைத் தொட்டதே இல்லை. கடைசியில் ஒரு நாள் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறித் தானாக வாசித்து முடித்தாள். நன்றாக வாசிக்கிறாய் என்று சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே ஒருமுறை அவள் அம்மாவிடம் சொல்லிக் கெடுத்துவிட்டிருந்தேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

பள்ளிக்குப் போகிறாள், கடைசி பெஞ்சில் உட்காருகிறாள் என்று அவள் அம்மா சொன்னார். நான் இப்போது நட்சத்திரத்தை நம்பாமல், பிள்ளைகளைத் தாளில் வாசிக்க வைத்துப் பார்த்த பிறகுதான் மேலே போகும் மதிப்பெண்ணைப் பதிகிறேன். மற்ற பள்ளிகளோடு பார்த்தால் என் வகுப்பு கீழே போய்விட்டது. ஏன் என்று விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கடிதம் வந்துவிட்டது. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கூடவே இரண்டு தோழிகள். அவர்களில் ஒருத்தி எனக்கு வணக்கம் வைத்தாள். இவள் மட்டும் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.