சாக்கில் ஏறிய உப்பு

முத்தையன் மேஸ்திரி காங்கிரீட்டை நாக்கால் கற்றவர். தண்ணீரையும் மணலையும் நக்கிப் பார்க்காமல் கலவை போட விடமாட்டார். உப்பு இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடித்து, பாலம் சீக்கிரமே வெடித்துவிடும் என்பார்.

1956 கோடையில் நெரவிப் பக்கம் ஆற்றுப்பாலத்துக்குத் தூண் வார்த்தார்கள். தூண் காய்ந்து வெடிக்காமல் இறுக, அதில் சாக்கைச் சுற்றி, பதினான்கு நாள் குளத்துத் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். ஆறாம் நாள் அவருடைய ஒரே மகள் அல்லி பிரசவத்தில் இறந்துபோனாள்.

"நீங்க போங்கண்ணே, தூணை நாங்க பாத்துக்குறோம்" என்றான் கூட வேலைசெய்த நூகு.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து அவர் வந்தபோது சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஒரு நிமிஷங்கூடக் காய விடலண்ணே."

மேஸ்திரி சாக்கை நக்கினார். கரித்தது. தன் கண்ணீரோ என்று முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நக்கினார். உப்பேதான்.

"தண்ணி எங்க மொண்டீங்க?"

"ஆத்துலதான். குளத்துக்குப் போய் வர்றதுக்குள்ள காஞ்சிடுதுண்ணே. உப்பு கலவைக்குத்தானே ஆகாது, மேல ஊத்த என்னன்னு..."

கோடையில் கடல் ஏறும் ஆறு அது. குடம் தூக்கி நூகுவின் உள்ளங்கை உரிந்திருந்தது.

"நல்லா பாத்துக்கிட்டீங்கப்பா" என்றார் மேஸ்திரி. குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தார். இறங்கிய உப்பு கழுவினால் போகாதென்று அவருக்குத் தெரியும்.