சேராத வளையம்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஓர் இரும்பு வளையத்தை வைத்திருக்கிறேன். கனத்த தகட்டில் வெட்டியது. வெட்டு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல், நகத்தில் தட்டுப்படும்படி ஒரு சின்னப் படி. வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்க்காமல் போவதில்லை.

திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் என் அக்கா வீட்டுக்காரர் கேஸ் கட்டர், தீ பீய்ச்சும் டார்ச்சால் இரும்பை வெட்டுகிறவர். இருபது வருடம் டார்ச் பிடித்த கை இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு நடுங்க ஆரம்பித்தது. அவரைக் கேட்டில் சாவி வாங்கி வைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மாமாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் என் தொழில். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் சொல்படி நகரும் மேசை ஒன்றை நாமே செய்துவிட்டால் போயிற்று என்றேன். ராயபுரத்தில் கப்பல் ரிப்பேர் பட்டறைக்காரர் ஒருவர், சனிக்கிழமைக்குள் ஒரு வளையம் சுத்தமாக வெட்டிக் காட்டினால் தொடர்ந்து வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மாமாவுக்குக் கடைசிவரை சாவிதான்.

மாமா கிரைண்டர் மோட்டாரும் வி பெல்ட்டும் போதும் என்றார். அது சுற்றும், எங்கே நிற்கிறோம் என்று அதற்கே தெரியாது என்று நான் மறுத்தேன். பழைய ஜெராக்ஸ் மெஷினில் கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார், சொன்ன எண்ணிக்கைக்கு அடி வைத்து நிற்கும். அப்படியென்றால் உங்கக்கா மாதிரி என்று சிரித்தார். வி பெல்ட் வழுக்கும் என்பதால் பாரிமுனையில் பல் வைத்த பெல்ட் வாங்கினோம். தளர்ந்தால் பல் தாவிவிடுமோ என்ற பயத்தில் நான் அதை விறைக்க இழுத்துக் கட்டினேன். மாமா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"மச்சான், ரொம்ப டைட்டா கீது. மோட்டாரு மூச்சு வாங்குது."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வெட்டிய முதல் வளையம் சேரவில்லை. டார்ச்சை மேசையில் மாட்டியது மாமா. கை நடுக்கத்தில் நட்டைச் சரியாக முறுக்கவில்லை, டார்ச் ஆடிவிட்டது என்று, டீயோடு வந்து நின்ற அக்காவின் எதிரிலேயே சொல்லிவிட்டேன். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலை நான் போனபோது மாமா பெல்ட்டைத் தளர்த்தி வைத்திருந்தார். நான் சொல்லி வைத்திருந்த பொத்தானை அழுத்தி அவரே வெட்டிய இரண்டாவது வளையம் தரையில் ஆறிக்கொண்டிருந்தது. தொடங்கிய இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நட்டை அவர் மறுபடி தொடக்கூட இல்லை. நான் இழுத்துக் கட்டிய பெல்ட்டில் திணறித்தான் மோட்டார் அடிகளைத் தவறவிட்டிருக்கிறது.

"டீ குச்சிட்டு வா, ராயபுரம் போவணும்" என்றார். அந்த மேசை பல வருடம் அவருக்குச் சோறு போட்டது.

இப்போது அவர் வீட்டோடு இருக்கிறார். போன வாரம் வந்த ஒருவர் வளையத்தைத் தடவிவிட்டு, வெட்டினவருக்குக் கை நடுங்கியிருக்கும் போல என்றார். இல்லை, தப்பு என்னுடையது என்று உடனே சொன்னேன். முன்பின் தெரியாத அவரிடம் சொல்ல முடிந்தது. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.