சீட்டில் கட்டிய துண்டு

இருபது வருஷமாகக் காற்றில் மிதப்பதுபோல் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்த தபால்காரிக்குப் பிறப்புறுப்பின் இடது ஓரத்தில் ஒரு வீக்கம். வலி இல்லை, பயம்தான் ஆளைத் தின்றது. பாழாய்ப்போன வெட்கத்தில் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "புற்றுநோயெல்லாம் இல்லைம்மா. சீட்டு அழுத்தி அழுத்தி வந்த சாதாரண வீக்கம். முதல்ல சீட்டை மாத்துங்க" என்றார்.

மறுநாள் காலை மூடுபனியில் ஆபீஸ் சைக்கிள்கள் கனவில் வந்தவைபோல் மங்கலாக நின்றன. கூட வேலை பார்க்கும் பெண்களில் நாலு பேரின் சீட்டில் மடித்த துண்டு கட்டியிருந்தது. வெயில் சூட்டுக்கு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள், மக்கு.

துண்டை இறுக்கிக்கொண்டிருந்த மூத்தவளிடம் மெல்லக் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு எந்தப் பக்கம்?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். "வலது. புற்றுன்னு நினைச்சு பதினோரு வருஷமா செத்துச் செத்துப் பிழைக்கிறேன்டி."