கிழக்கு ஓரத்து லெஃப்ட் பேக்

மைதானத்தின் மேற்கு கேலரியில் ஏறினால் முதலில் மூக்கில் ஏறுவது தைலத்தின் வாசனை. ஆட்டக்காரர்கள் முழங்காலில் தேய்த்துக்கொண்ட தைலம்... அதோடு முந்தின நாள் மழையில் ஊறிய புல்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கணக்கு வாத்தியார். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். ஓர் அலுவலகத்தின் கால்பந்து அணி சீசனுக்கு முன்னால் அங்கே பயிற்சி செய்யும். நன்றாக ஆடுகிறவர்களுக்கு அந்த அலுவலகத்திலேயே வேலை. அன்றைக்கு ஆட்டத்தை நம்பிப் பிழைப்பது என்றால் அதுதான்.

எனக்கு ஒரு பக்கம் ஆறுமுகம் பிள்ளை இருப்பார். நாகர்கோவில்காரர், சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. மறுபக்கம் அணியின் மேனேஜர். மூன்று பேருக்கும் ஒரே பேச்சு... இந்த வருஷம் யார் உள்ளே, யார் வெளியே, ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் எத்தனை பேர்.

நான் தாளில் கட்டம் போட்டு எழுதுவேன். கோல்கீப்பர், பேக் வரிசை, ஹாஃப் வரிசை, ஃபார்வர்டு. ஒவ்வொன்றிலும் முதல் ஆள், அவருக்கு அடுத்த ஆள். வகுப்புக்கு ஒரே ஒரு சாக்பீஸோடு யாராவது போவார்களா? உடைந்தால் என்ன செய்வது? அதே கணக்குதான்.

அந்த வருஷம் இடது ஓரத்தைக் காக்கும் லெஃப்ட் பேக்குக்கு முழங்காலில் அடி. பாதி சீசன் ஆட மாட்டார் என்றார்கள். அவருக்குப் பின்னால் இருந்தது சில்வெஸ்டர் மட்டும். பொழியூர் கடற்கரைக்காரர், தற்காலிக வேலையில் இருந்தார். பட்டியலில் பேர் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அந்த மாதத்தோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அவர் பேருக்கு நேராக நான் எழுதியிருந்தேன்: போதாது.

பிள்ளையும் ஒப்புக்கொண்டார். கோல் விழுவதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் என்றார். மேனேஜர் கொல்லத்திலிருந்து ஓர் ஆளை வரவழைக்கலாமா என்று யோசித்தார். சனிக்கிழமைக்குள் பட்டியல் கொடுத்தாக வேண்டும்.

அன்று ஆட்டம் முடிந்து டீக்கடையில் பிள்ளை என் தாளை வழக்கம்போலச் சத்தமாக வாசித்தார். பின்னால் சில்வெஸ்டர் டீ கிளாஸோடு நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. நாங்கள் திரும்பியபோது அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. "சாரே, ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து இரிக்கணும். இங்கேருந்து நோக்கினா ஜெர்சி கலர் மாத்திரம்தான் தெரியும்" என்றார். கிளாஸை வைத்துவிட்டு, "பின்னே என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க."

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. பயிற்சி ஆட்டம் ஒரு பாதிதான். பக்கம் மாற மாட்டார்கள். பைகள் இருக்கும் வடக்கு கோல்தான் எப்போதும் நம் ஆட்களுக்கு. தெற்கு பார்த்து ஆடுகிறவர்களுக்கு இடது கை கிழக்கு, ஆகவே லெஃப்ட் பேக் எந்த நாளும் கிழக்கு ஓரத்தில். நாங்களோ நிழலுக்காக எந்த நாளும் மேற்கில். பரீட்சைத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மார்க் போட்டிருக்கிறேன்!

மறுநாள் மேனேஜரைக் கிழக்கு கேலரிக்குக் கூப்பிட்டேன். வெயில் நேராக முகத்தில் அடிக்கும், தலைவலி வரும் என்று மறுத்தார். பிள்ளை கடைக்குப் போய்ப் பெரிய கறுப்புக் குடையோடு திரும்பி வந்தார்.

"குடையை நான் பிடிக்கேன் வே. நீரு ஆளை மட்டும் பாரும்."

மூன்று பேர், ஒரு குடை. மேற்கு கேலரியிலிருந்து ஒருவர், பெண்ணு காணப் போகிறீர்களா என்று கூவினார். கேலரியே சிரித்தது.

பத்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. சில்வெஸ்டருக்கு முன்னால் ஆடிய லெஃப்ட் ஹாஃப், பந்து பறிபோனால் திரும்பி வருவதே இல்லை. எதிரே இரண்டு பேர் வருவார்கள், தடுக்க இவர் ஒருவர். ஆனாலும் பந்து வைத்திருப்பவனைக் கோட்டை ஒட்டியே தள்ளிக்கொண்டு போவார், உள்ளே திரும்ப விடமாட்டார். பந்தைப் பறித்த பிறகும் பதற மாட்டார். தலை நிமிர்ந்து, ஆள் பார்த்துக் கொடுப்பார். அவர் மூச்சு வாங்குவதுகூட எங்களுக்குக் கேட்டது... எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மேனேஜர் குடையை விட்டு வெளியே வந்து, ஆட்டம் முடியும்வரை வெயிலிலேயே நின்று பார்த்தார். கடைசியில், "கொல்லத்துக்காரன் வேண்டா. மாத்த வேண்டியது லெஃப்ட் ஹாஃபை" என்றார்.

பிள்ளை என்னைப் பார்த்தார். "அப்போ அந்தப் 'போதாது'வை யாருக்கு நேரா எழுதப் போறீரு, வாத்தியாரே?"

நம் மூன்று பேருக்கும் நேராகத்தான் என்றேன்.

சனிக்கிழமை பட்டியலில் சில்வெஸ்டர் பேர் இருந்தது. அடுத்த வாரம் அவர் பிள்ளையின் கடைக்கு வந்து, ஆபீஸுக்குப் போட என்று இரண்டு வெள்ளைச் சட்டைத் துணி எடுத்துப் போனார். அந்த அலுவலகத்திலேயே இருந்து ஓய்வும் பெற்றார்.

இப்போது நம் ஊருக்கே ஒரு புரொஃபஷனல் டீம் இருக்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். எங்கள் பேச்செல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் சுரேஷ் எக்செல்லில் கலர் கலராகக் கட்டம் போட்டு அனுப்புகிறான். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பேர்... பார்க்கவே நிறைவாக இருக்கிறது. பிள்ளை இருந்திருந்தால் சத்தமாக வாசித்திருப்பார். அது ஒன்றுதான் குறை.

நேற்று இரண்டாவது லெஃப்ட் பேக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு நிமிஷ வீடியோவைப் பார்த்துவிட்டு குரூப்பில் பாதிப்பேர் "வீக்" என்று போட்டுவிட்டார்கள். என் கருத்தைக் கேட்டான் சுரேஷ்.

இன்னும் பார்க்கவில்லை, வியாழக்கிழமை பிராக்டிஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன்.

குரூப்பில் யாரோ ஒரு கட்டைவிரல் படம் போட்டார்கள். பிறகு சுரேஷிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ்.

"வியாழக்கிழமை ஹாஃப் டே லீவு போட்டுட்டேன் சாரே. உங்களை எங்கே வந்து கூட்டிட்டுப் போகணும்?"