பேர் இல்லாத வேஷம் வேண்டாம்

இன்று மத்தியானம் பாரிஸ் லூயி-பிளாங் தெருவில் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு நடிகர் தேடுகிற பிரெஞ்சுப் பெண் போன் எடுத்தார்.

"ஒரு வேஷம் இருக்கு. ரெஸ்ரோறன்ற் குசினியிலை கோப்பை கழுவுறவர். ரெண்டு வசனம்."

பதினெட்டு வருசமாகப் பிரெஞ்சுத் தொடர்களில் நான் செய்வது இதுதான். கோப்பை கழுவியிருக்கிறேன், ரோசாப்பூ விற்றிருக்கிறேன், மூன்று தரம் செத்துமிருக்கிறேன். செத்ததுதான் நல்லாய் வந்தது என்று என் மனிசி சொல்லுவாள்.

"அவருக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"பேர் இல்லை. 'இலங்கையர்' எண்டுதான் இருக்கு. பிரெஞ்சைக் கொஞ்சம் உடைச்சுக் கதைச்சால் நல்லம்."

"என்ரை பிரெஞ்சு இதுதான், உடைக்கமாட்டன். அவருக்கு ஒரு பேர் வையுங்கோ, வாறன்."

இயக்குநரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பக்கத்து மேசை அண்ணை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "டிவியிலை முகம் வந்தால் காணாதே தம்பி? பேர் எதுக்கு?"

"உங்களை வேலையிலை 'ஏய், இலங்கை' எண்டு கூப்பிட்டால் திரும்பிப் பாப்பியளோ அண்ணை?"

"முதல் அஞ்சு வருசம் பாத்தனான்," என்றார்.

பின்னேரம், வீட்டுக்கு, ஸ்தேனுக்குப் போகிற பஸ்ஸில் இருக்கும்போது அந்தப் பெண் திரும்ப எடுத்தார். "இயக்குநருக்குச் சம்மதம். ஆனால் வாயிலை வாற மாதிரிச் சின்னப் பேராய்ச் சொல்லுங்கோ."

"பாலசுப்பிரமணியம்," என்றேன். எழுத்தெழுத்தாய்ச் சொல்லியும் கொடுத்தேன். "புதன்கிழமைதானே படப்பிடிப்பு? அதுக்குள்ளை இயக்குநர் பழகிடுவார்."

உங்கள் பேரை இஞ்சை எத்தனை துண்டாய் வெட்டினவை? கீழே கொமென்ற்றிலை முழுசாய் எழுதுங்கோ.